பழைய ஆங்கில வினைச்சொல்லுக்கு எந்தப் பிரிபொசிஷன்? ஒரு வசன வேலையில் நான் பட்ட பாடு

போன வருடம் ஒரு ஏஜென்சி மூலமாக எனக்கு ஒரு வேலை வந்தது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தயாரிக்கும் வீடியோ கேமுக்கு ஆங்கில வசனம் எழுத வேண்டும். ராஜா, துறவி, சூனியக்காரி, கூலிப்படை வீரர்கள் என்று ஒரு கற்பனை ராஜ்ஜியம். எல்லாரும் பழங்கால ஆங்கிலம் பேச வேண்டும். பேசிய தொகை ரூ. 80,000, முன்பணம் ரூ. 20,000. நான் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவள், பல வருடமாக மொழிபெயர்ப்பும் எடிட்டிங்கும் செய்து பிழைப்பவள். இப்படி ஒரு வேலை வாழ்க்கையில் ஒரு தடவைதான் வரும் என்று சந்தோஷமாகத்தான் எழுதினேன். எழுதி அனுப்பியதும் ஃபைல் முழுக்கச் சிவப்பாகத் திரும்பி வந்தது. "பிரிபொசிஷன் பிழைகள் ஏராளம், சரிசெய்து தரும்வரை மீதித் தொகை நிறுத்திவைக்கப்படுகிறது" என்று ஒரு மெயில். பிரிபொசிஷன் என்றால் 'டு', 'ஆஃப்', 'பை' போல பெயருக்கு முன்னால் நிற்கும் சிறு சொல். அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் தனியாகத்தான் சமாளித்தேன். நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு 'ஹார்க்கன்' (செவிகொடு) என்ற வினைக்குப் பின்னால் 'டு' வருமா 'அன்டூ' வருமா என்று யாரிடம் போய்க் கேட்பது? இந்த மாதிரி வேலை இப்போது கேம், ஆடியோ நாடகம், ஃபேன்டஸி நாவல் எடிட்டிங் என்று நம் ஊர் ஃப்ரீலான்சர்களுக்கும் நிறைய வருகிறது. எடுக்கிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் சிக்கல் வேலைக் குறிப்பிலேயே இருந்தது. 'ஓல்ட் இங்கிலிஷ் ஸ்டைல், ஷேக்ஸ்பியர் மாதிரி' என்று ஒற்றை வரி. ஓல்ட் இங்கிலிஷ் என்பது மொழி வரலாற்றில் சுமார் 1100 வரை இருந்த மொழி. இன்றைய ஆங்கிலேயர்களுக்கே தனியாகப் படித்தால்தான் புரியும். ஷேக்ஸ்பியர் எழுதியது எர்லி மாடர்ன் இங்கிலிஷ், அவருடைய நாடகத் தொகுப்பான முதல் ஃபோலியோ வெளியானது 1623-ல். கிங் ஜேம்ஸ் பைபிள் 1611. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலம்தான், ஆனால் பைபிளின் நடை தன் காலத்துக்கே கொஞ்சம் பழையது. 1526-ல் டின்டேல் செய்த புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பின் வாக்கியங்கள் அதில் அப்படியே நிறைய வந்திருக்கின்றன. மூன்றாவதாக இன்னொன்றும் உண்டு: 1819 இறுதியில் வந்த வால்டர் ஸ்காட்டின் ஐவன்ஹோ போல, பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர்கள் பழசு மாதிரி எழுதிய ஆங்கிலம். இன்றைய சினிமாவிலும் கேமிலும் காதில் விழும் 'பழைய ஆங்கிலம்' பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையின் வாரிசுதான். இந்த மூன்றுக்கும் பிரிபொசிஷன் பழக்கம் ஒன்றல்ல. எனவே கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே, எந்த வருடத்து ஆங்கிலம், சந்தேகம் வந்தால் எந்த நூலைப் பார்த்து முடிவு செய்வது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஒரு வரி என் கையில் இருந்திருந்தால் பாதிச் சண்டை வந்தே இருக்காது.

திருத்தங்களைப் பிரித்துப் பார்த்தபோது அதில் அதிகம் அடிபட்டது 'ஆஃப்'. துறவி ஒருவர் தான் பிசாசால் சோதிக்கப்பட்டதைச் சொல்லும் இடத்தில் நான் 'டெம்ப்டட் ஆஃப் த டெவில்' என்று எழுதியிருந்தேன். எடிட்டர் அதை 'பை' என்று மாற்றி, "அடிப்படை இலக்கணப் பிழை" என்று ஓரத்தில் குறிப்பு வேறு எழுதியிருந்தார். அது கிங் ஜேம்ஸ் மத்தேயு 4:1-ல் அப்படியே இருக்கிற தொடர். அந்தக் காலத்தில் ஒரு செயலைச் செய்தவர் யார் என்று காட்ட 'ஆஃப்' சாதாரணமாக வரும். மத்தேயு 1:22 இன்னும் தெளிவு: 'ஸ்போக்கன் ஆஃப் த லார்ட் பை த ப்ராஃபெட்'. சொன்னவர் கர்த்தர், அவருக்கு 'ஆஃப்'. வாயாக இருந்தவர் தீர்க்கதரிசி, அவருக்கு 'பை'. நம் தமிழ் வேதாகமம் இதை 'தீர்க்கதரிசியின் மூலமாய்க் கர்த்தராலே உரைக்கப்பட்டது' என்று அழகாகப் பிரித்துக் காட்டுகிறது. 'ஆஃப்'பை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 'பை' ஆக்கினால் இந்த வேறுபாடே செத்துப்போகும். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. கோபத்தை விட அதிகம் வலித்தது, நான் சரியாகச் செய்த ஒன்றை இனி நானே நிரூபிக்க வேண்டும், நிரூபிக்கும்வரை என் கூலி அவர்கள் கையில் என்ற நிலைமைதான்.

ஏன் இந்தக் குழப்பம் என்று தேடும்போது ஒரு விஷயம் பிடிபட்டது. தமிழ் படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். 1100-க்கு முந்தைய ஆங்கிலத்தில் நம் வேற்றுமை உருபு போல பெயர்ச்சொல்லின் முடிவே மாறும். ஒரு வினை தன் பெயரை நான்காம் வேற்றுமையில் கேட்கும், இன்னொரு வினை ஆறாம் வேற்றுமையில் கேட்கும். பிறகு அந்த ஈறுகள் தேய்ந்து உதிர்ந்தபோது அந்தச் சுமையைப் பிரிபொசிஷன்கள் ஏற்றுக்கொண்டன. ஆறாம் வேற்றுமை நின்ற பல இடங்களில் 'ஆஃப்' வந்து உட்கார்ந்தது, நான்காம் வேற்றுமை நின்ற இடங்களில் 'டு' வந்தது, அல்லது ஒன்றுமே வராமல் வெறுமையாக நின்றது. 'ரிபென்ட் ஆஃப்' (மனம் வருந்து), 'பிதிங்க் தீ ஆஃப்' (நினைத்துப் பார்), 'ஈட் ஆஃப்' (அதில் தின்) போன்றவற்றை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் மனதில் நிற்கும். 'மீதிங்க்ஸ்' என்பதில் வரும் 'மீ' கூட நம் 'எனக்குத் தோன்றுகிறது' என்பதில் உள்ள 'எனக்கு'தான். அதனால் அதற்குப் பின்னால் 'டு மீ' சேர்க்கக் கூடாது. என் ஃபைலில் ஓரிடத்தில் எடிட்டர் அதைச் சேர்த்திருந்தார்.

'ஆன்' கதை வேறு மாதிரி. பைபிளில் யோவான் 3:16 'பிலீவத் இன்' என்கிறது, அப்போஸ்தலர் 16:31 'பிலீவ் ஆன்' என்கிறது. இரண்டும் ஒரே புத்தகம், ஒரே வருடம். ஆதாம் மரத்திலிருந்து தின்றானா என்று கேட்கும் ஆதியாகமம் 3:11-ல் 'ஈட்டன் ஆஃப்'. மாக்பெத் நாடகத்தில் சூனியக்காரிகளைப் பார்த்து மிரண்ட பாங்க்வோ, நாம் ஏதாவது பைத்தியம் பிடிக்கவைக்கும் வேரைத் தின்றுவிட்டோமா என்று கேட்கும் இடத்தில் 'ஈட்டன் ஆன்'. டெம்பெஸ்ட் நாடகத்தில் கனவுகள் நெய்யப்படும் பொருள் நாம் என்று வரும் பிரபலமான வரியிலும் 'மேட் ஆன்'தான். அதை 'மேட் ஆஃப்' என்று திருத்திச் சொல்பவர்கள் இன்றும் ஏராளம். பேச்சில் 'ஆஃப்', 'ஆன்' இரண்டுமே தேய்ந்து ஒரே சிறு முனகலாகிவிட்டதால், எழுத்திலும் ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது வந்தது. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட நடைமுறை: மேடைப் பேச்சின் வாடை வேண்டிய பாத்திரத்துக்கு, அதாவது வீரன், வேலைக்காரன், குடிகாரனுக்கு 'ஆன்'. துறவிக்கும் அரசவைக்கும் 'ஆஃப்'. இப்படிப் பிரித்து வைத்துக்கொண்டால் பாத்திரங்களின் குரலும் தனித்தனியாகக் கேட்கும்.

அதிக நேரம் தின்றது 'ஸ்மைட்', அதாவது அடிப்பது. போர்க்களக் கதை என்பதால் பக்கத்துக்குப் பக்கம் அடிதடி, அதனால் பக்கத்துக்குப் பக்கம் ஸ்மைட். ராட்சசனை நெற்றியில் அடித்த இடத்தில் நான் 'இன்' போட்டிருந்தேன், எடிட்டர் 'ஆன்' ஆக்கியிருந்தார். தாவீது கோலியாத்தை அடிக்கும் 1 சாமுவேல் 17:49-ல் 'இன் ஹிஸ் ஃபோர்ஹெட்' என்றுதான் இருக்கிறது. கல் உள்ளே பதிந்த அடி அது. கன்னத்தில் அறைவதற்கு மத்தேயு 5:39-ல் 'ஆன்'. ஈட்டியின் அடிக்கட்டையால் விலாவில் குத்துவதற்கு 2 சாமுவேல் 2:23-ல் 'அண்டர் த ஃபிஃப்த் ரிப்'. யாகேல் கூடார முளையைச் சிசெராவின் நெற்றிப்பொட்டில் இறக்கும் நியாயாதிபதிகள் 4:21-ல் 'இன்டூ'. அங்கே அடிபடுவது முளை, தலையில்லை, அதனால் வாக்கிய அமைப்பே மாறுகிறது. மோசே கன்மலையை அடிக்கும்போது கோலுக்கு 'வித்'. லூக்கா 18:13-ல் ஆயக்காரன் தன் மார்பில் தானே அடித்துக்கொள்ளும்போது 'ஸ்மோட் அப்பான் ஹிஸ் ப்ரெஸ்ட்'. இவ்வளவையும் வரிசையாக எழுதிப் பார்த்த பிறகுதான் இதன் ஒழுங்கு தெரிந்தது. அடிபடும் ஆள் எப்போதும் வெறுமையாக, பிரிபொசிஷன் இல்லாமல் வருவான். உடம்பில் அடி விழும் இடத்துக்குத்தான் பிரிபொசிஷன், அதுவும் அடியின் தன்மையைப் பொறுத்து மாறும். ஆயுதத்துக்கு 'வித்'. ஆகவே "இந்த வினைக்கு எந்தப் பிரிபொசிஷன்" என்று மட்டும் தேடாதீர்கள். வினை, அதன் பின்னால் வரும் பொருள் ஆளா, உறுப்பா, ஆயுதமா என்று சேர்த்துத் தேடுங்கள். பதில் உடனே கிடைக்கும்.

இதற்கு நேர்மாறாக 'அன்டூ'வைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஆனால் அதில்தான் எடிட்டர் கை தாராளமாகப் போயிருந்தது. பழைய வாடை போதவில்லை என்று 'டு' வந்த இடத்திலெல்லாம் 'அன்டூ' தூவியிருந்தார், வினையோடு ஒட்டி வரும் 'டு' உட்பட. 'போக', 'சொல்ல' என்ற பொருளில் வினைக்கு முன்னால் நிற்கும் 'டு'வின் இடத்தில் 'அன்டூ' நிற்கவே நிற்காது. பெயருக்கும் ஆளுக்கும் முன்னால் மட்டும்தான். அங்கேயும் எல்லா இடத்திலும் கட்டாயமில்லை. ஏசாயா 51-ஆம் அதிகாரத்தில் முதல் வசனம் 'ஹார்க்கன் டு மீ', நான்காம் வசனம் 'ஹார்க்கன் அன்டூ மீ'. ஒரே அதிகாரம். வாக்கியத்தின் ஓசைக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சத்தமாகப் படித்துப் பார்த்து முடிவு செய்வதுதான் இதில் நான் நம்பும் ஒரே வழி. கேம் வசனம் என்றால் நடிகர் வாயில் வர வேண்டியதுதானே.

அந்த நாட்களில் தூக்கம் போயிற்று. ஒரு கல்விப் பதிப்பகத்தின் பாடநூல் மொழிபெயர்ப்பு வேலை அப்போது வந்தது, ரூ. 35,000. கையில் இருப்பதை முடிக்காமல் ஏற்க முடியாது என்று விட்டுவிட்டேன். அம்மா விடியற்காலை வேதம் வாசிக்க எழும்பும்போது நான் இன்னும் லேப்டாப் முன்னால் இருப்பேன். "ஏட்டி, ஒத்த வார்த்தைக்காகவா ராத்திரி பூரா முழிச்சிருக்க? கண்ணு கெட்டுப்போவும்" என்பாள். ஒரு நாள் அவள் சத்தமாக வாசித்தது ஏசாயா 40: 'கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து'. நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். நாம் பேச்சில் 'கர்த்தருக்காக' என்போம், வேதாகமத்தில் 'கர்த்தருக்கு' என்று நிற்கிறது. அதைக் கேட்டு எந்தத் தமிழ் கிறிஸ்தவரும் பிழை என்று சொல்ல மாட்டார். ஆங்கிலத்திலும் அந்த வசனம் 'வெயிட் அப்பான்'. இன்றைய ஆங்கிலத்தில் 'வெயிட் ஃபார்'. ஆனால் எடிட்டரின் ஒரு திருத்தம் நியாயமானது என்று எனக்குப் புரிந்ததும் இதே வினையில்தான். கூலிப்படைத் தலைவன் ராஜாவுக்காகக் காத்திருப்பதற்கு 'வெயிட் அப்பான் த கிங்' என்று இருந்த இடத்தில், இன்று விளையாடும் பிள்ளைகள் அவன் ராஜாவுக்குப் பரிமாறுகிறான் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். காலத்துக்குச் சரி, காட்சிக்குச் சரியில்லை. இப்படிப்பட்ட இடத்தில் பிரிபொசிஷனை மாற்றிக் கலப்படம் செய்வதை விட வினையையே மாற்றுவது நல்லது. நான் 'டாரி ஃபார்' என்று மாற்றினேன். ரூத் புத்தகத்தில் நகோமி பேசும் இடத்தில் அது இருக்கிறது, இன்றைய காதுக்கும் புரிகிறது, பழைய வாடையும் போகவில்லை.

பிரிபொசிஷன் வேண்டவே வேண்டாத வினைகள் இன்னொரு பொறி. 'பிசீச்' (மன்றாடு), 'பிஹோல்ட்' (பார்), 'பிஃபால்' (நேரிடு), 'பிவெய்ல்' (புலம்பு) என்று 'பி' தலையில் வரும் பழைய வினைகள் பெரும்பாலும் நேரடியாகவே பொருளை எடுத்துக்கொள்ளும். மன்றாடும் ஆளுக்கு 'பிசீச் தீ' போதும், நடுவில் 'டு' வராது. எதன் பேரில் மன்றாடுகிறோமோ அதற்குத்தான் 'பை'. ரோமர் 12:1-ல் 'பை த மெர்சீஸ் ஆஃப் காட்' என்று வருவதைப் பாருங்கள். இதே 'பி' வரிசையில் 'பிதிங்க்', 'பிடேக்' (ஓரிடத்துக்குப் போ) இரண்டும் விதிவிலக்கு, அவை 'தன்னை' என்பதைச் சேர்த்துக்கொண்டு முதலாவது 'ஆஃப்'பும் இரண்டாவது 'டு'வும் கேட்கும். 'க்ளீவ்' இன்னும் ஆபத்து. ஆதியாகமம் 2:24-ல் கணவன் மனைவியோடு 'க்ளீவ் அன்டூ', அதாவது ஒட்டியிருப்பான். பிரிபொசிஷனை எடுத்துவிட்டால் அதே எழுத்துக்கு இரண்டாகப் பிளப்பது என்று அர்த்தம். சங்கீதம் 78:15-ல் கன்மலை பிளக்கப்படுவது அப்படித்தான். திருமணக் காட்சியில் அந்த 'அன்டூ'வை யாராவது "தேவையற்றது" என்று அடித்திருந்தால் மணமகன் மணமகளைக் கோடாரியால் வெட்டுவதாகச் சபதம் செய்திருப்பான். பிரிபொசிஷனுக்குப் பின்னால் 'நீ' என்ற 'தௌ' எப்போதும் வராது, 'உன்னை' என்ற 'தீ'தான் என்பதையும் ஒரு தடவை ஃபைல் முழுக்கத் தேடிச் சரிபார்த்துவிடுங்கள்.

எங்கே தேடுவது என்பதுதான் எனக்கு யாராவது முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டிய விஷயம். ஆக்ஸ்ஃபர்ட் ஆங்கில அகராதி 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வந்தது. இப்போதைய இணையப் பதிப்புக்குச் சந்தா கட்ட வேண்டும், நானும் கட்டினேன். பெரிய பல்கலைக்கழக நூலகம் எதிலாவது உங்களுக்கு உறுப்பினர் அட்டை இருந்தால் அங்கே இலவசமாகக் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் மேற்கோள்கள் வருட வரிசையில் இருக்கும். கடைசி மேற்கோளின் வருடத்தைப் பார்த்தாலே அந்த அமைப்பு எப்போது வழக்கொழிந்தது என்று தெரியும். காசில்லாமல் வேண்டுமென்றால் சாமுவேல் ஜான்சனின் 1755 அகராதி. பல வினைகளுக்கு எந்த இடைச்சொல் வரும் என்று அவரே குறித்திருக்கிறார். ஷேக்ஸ்பியருக்கு எட்வின் ஆபட் 1869-ல் எழுதிய இலக்கணம். அதில் பிரிபொசிஷனுக்கென்றே நீண்ட பகுதி இருக்கிறது, எனக்குக் கை கொடுத்தது அதுதான். பைபிளுக்கு 1737-ல் வந்த க்ரூடன் அல்லது 1890-ல் வந்த ஸ்ட்ராங் தொகுத்த சொல்லடைவு, அதாவது எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்ற பட்டியல். நம் ஊர் சபைப் போதகர்களின் அலமாரியிலேயே இவை இருக்கும், கேட்டால் தருவார்கள். அச்சு நூல்களிலேயே தேட வேண்டுமென்றால் 1473 முதல் 1700 வரையிலான ஆங்கில நூல்களைத் தட்டச்சு செய்து வைத்த தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதில் முதல் 25,000-க்கும் மேற்பட்ட நூல்களை 2015-ல் பொதுவுக்குத் திறந்துவிட்டார்கள். ஒரு சொல் எந்த வருடத்துப் புத்தகங்களில் எவ்வளவு வந்தது என்று காட்டும் கூகுளின் வரைபடத்தை மட்டும் இந்தக் காலத்துக்கு நம்பாதீர்கள். அப்போதைய அச்சில் நீண்ட 'எஸ்' எழுத்து 'எஃப்' போலவே இருக்கும், இயந்திரம் 'ஸ்மைட்'டை 'ஃப்மைட்' என்று படித்து வைத்திருக்கும். தேடலில் வருவது 1600-ன் நூலா, அதை நடித்துக் காட்டும் 1820-ன் நாவலா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் எக்செல் ஷீட் ஒன்று தயார் செய்தேன். இடது பத்தியில் என் வரி, அடுத்து அவர்களுடைய திருத்தம், அடுத்து நூல், வருடம், அதிகாரம் அல்லது காட்சி, கடைசியில் என் முடிவு. ஒப்புக்கொண்ட திருத்தங்களைப் பச்சையில் காட்டினேன், அவற்றையும் மறைக்கவில்லை. கோபமாக எழுதிய மெயிலை அனுப்பாமல் அழித்துவிட்டு, இந்த ஷீட்டையும் இரண்டு வரிக் குறிப்பையும் மட்டும் அனுப்பினேன். பதில் வரச் சில வாரங்கள் ஆயின. பெரும்பாலான வரிகளை என்னுடைய வடிவிலேயே வைத்துக்கொண்டார்கள். ஆனால் "கால தாமதம்" என்று சொல்லி ரூ. 15,000 பிடித்துக்கொண்டு ரூ. 45,000 மட்டும் அனுப்பினார்கள். தாமதம் யாரால் வந்தது என்று இரண்டு மெயில் எழுதினேன், ஏஜென்சி பதில் சொல்லவில்லை. விட்டுவிட்ட பாடநூல் வேலையையும் சேர்த்தால் ஐம்பதாயிரம் போனது. ஒப்பந்தத்தில் திருத்தத்துக்கான கெடுவும் இல்லை, பிழை என்று சொல்பவர்தான் ஆதாரம் தர வேண்டும் என்ற வரியும் இல்லை. சட்டப்படி கேட்கவும் வழியில்லை. அந்தப் பணம் இன்னும் மனதை உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

அதற்குப் பிறகு பழைய ஆங்கில வேலை இரண்டு வந்தன. இரண்டிலும் முன்பணம் பாதி கேட்டு வாங்கினேன். எந்த ஆண்டின் ஆங்கிலம், எந்த அகராதி தீர்ப்பு, எத்தனை சுற்றுத் திருத்தம் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கினேன். முதல் காட்சியை மட்டும் எழுதி அனுப்பி, அவர்கள் எடிட்டர் அதில் என்ன திருத்துகிறார் என்று பார்த்த பிறகுதான் மீதியைத் தொடுகிறேன். ஆதார ஷீட்டை வேலையோடு சேர்த்தே ஒப்படைக்கிறேன், அதற்கான நேரத்தையும் கூலியில் சேர்த்துத்தான் கேட்கிறேன். அந்த ஷீட் இப்போது வினை வாரியாக அகர வரிசையில் வளர்ந்துகொண்டு வருகிறது. 'என்கொயர்' வரை வந்திருக்கிறேன். அதில் ஆளைக் கேட்பதற்கு 'ஆஃப்' என்பதற்கு மட்டும் சாமுவேல் புத்தகங்களிலிருந்தே ஒரு பக்கம் நிறைந்துவிட்டது.